ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம்

உத்தியோகத்தில் அமர்ந்தவர்களைப் போற்றி எழுதுவோர் பலர். உத்தியோகத்தை விட்டு இறங்கியவர்களை நினைத்து எழுதுவோர் மிகச் சிலர். பதவியிலிருக்கும் காலத்தில் மாலையும் மேளமுமாக எதிர்கொண்டழைத்த ஊர், அப்பதவி நீங்கிய பின் அவர் எங்கிருக்கிறார், சௌக்கியமாக இருக்கிறாரா என்றுகூட விசாரிப்பதில்லை. இஃது உலக இயல்பென்று சொல்லி ஆறுதல் அடையலாம். ஆயினும் நம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்த குடியொன்றில் தோன்றி, பாரத தேசத்துத் தரைப்படை முழுமைக்கும் தலைவராய் விளங்கிய ஒருவரை, அந்த ஜில்லாவினராகிய நாமே மறந்துவிடுவது அவ்வாறு எளிதாய்த் தள்ளிவிடத்தக்க குறையன்று.

சில மாதங்களுக்கு முன் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நம் சங்கத்து அன்பர் ஒருவரது இல்லத்தில் குடும்பங்கள் கூடியிருந்தன. மாலை வெயில் தணிந்து சேர்வராயன் மலை நீலமாகத் தெரியும் நேரம். பெரியவர்கள் சங்கத்து நிர்வாகிகள் தேர்தலைப் பற்றி, வழக்கம்போலச் சற்று உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நாம் திண்ணைப் பக்கம் ஒதுங்கி, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை அழைத்து, “குமாரமங்கலம் என்றால் என்ன நினைவு வருகிறது?” என்று வினவினோம். “பெரியாஸ்பத்திரி” என்று ஒரே குரலாக விடை வந்தது. சேலம் அரசினர் மருத்துவக் கல்லூரி மோகன் குமாரமங்கலம் என்பாரது பெயரைத் தாங்கி நிற்பதால் அவ்விடை பிழையன்று. கல்லூரி மாணவர் ஒருவர், சேலம் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற ரங்கராஜன் குமாரமங்கலத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். மோகனுக்குத் தமையனார் ஒருவர் இருந்தாரென்றும், அவர் இந்தியத் தரைப்படையின் தலைவராயிருந்தவரென்றும் நாம் கூறியபோது பிள்ளைகள் மட்டுமன்றி, தேர்தல் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்த பெரியவர்களிலும் பலர் வியப்புற்றார்கள். அன்று பிள்ளைகளுக்கு வாய்மொழியாகச் சொன்னதையே இங்கே சற்று விரித்து எழுதுகின்றோம்.

திருச்செங்கோட்டு மலைக்கு அணித்தே உள்ளது குமாரமங்கலம் என்னும் சிற்றூர். 1997-ஆம் வருஷம் நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரிந்தபின் அவ்வூர் அதனைச் சார்ந்தது. அதற்கு முன் அது சேலம் ஜில்லாவே. அவ்வூர் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் அவர்களை அறியாத முதியோர் நம்மில் இலர். 1926-ஆம் வருஷம் முதல் 1930 வரையில் சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாயிருந்தவர் அவர். பின்னர் ராஜாஜி மந்திரி சபையிலும், சுதந்திரத்திற்குப் பின் இந்தோனேஷியாவில் தூதுவராகவும், மத்திய அரசில் மந்திரியாகவும் இருந்து, 1962-இல் மகாராஷ்டிரத்துக் கவர்னராய் இருக்கும்போதே காலமானார். அவருடைய தலைமகனாக 1913-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி பிறந்தவரே நாம் நினைக்கப் புகுந்த பரமசிவ பிரபாகர். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் நம்மவர் வழக்கப்படி பரமசிவம் என்னும் பெயர் வந்தது. ஊரின் பெயரோ குடும்பப் பெயராகி, அச்சிற்றூரின் நாமத்தைப் பின்னாளில் உலகமெங்கும் கொண்டு சென்றது.

அன்னையார் ராதாபாய் சுப்பராயன். இவ்வம்மையார் மங்களூரில் தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் கல்விக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த குட்மல் ரங்கராவ் அவர்களின் திருமகளார். 1930-இல் லண்டன் மாநகரில் கூடிய முதல் வட்டமேஜை மாநாட்டிற்கு இந்தியாவிலிருந்து சென்ற பெண் பிரதிநிதிகள் இருவரே; அவ்விருவருள் ஒருவர் இவர். 1938-இல் ராஜாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் பெண்மணியும் இவரே. தந்தையார் கொங்கு வேளாளர். தாயார் சாரஸ்வதப் பிராமண குலத்தார். சாதி விட்டுச் சாதி மணம் செய்வதை நாடு கேட்டறியாத காலத்தில் அவர்கள் மணந்து வாழ்ந்தனர் என்பதை நம் சங்கத்தார் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். இதைப் பற்றிக் கட்டுரையின் இறுதியில் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது.

மக்கள் நால்வர். மூத்தவர் பரமசிவர். அடுத்தவர் கோபால், அரசாங்கத் தொழில் நிறுவனங்களின் நிர்வாகத்தில் புகழ்பெற்றவர். மூன்றாமவர் மோகன், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் மாணவர் பேரவைத் தலைவராயிருந்து, பொதுவுடைமைக் கொள்கை பூண்டு தாயகம் திரும்பி, பிற்காலத்தில் காங்கிரஸில் சேர்ந்து இந்திரா காந்தி அம்மையாரின் மந்திரி சபையில் எஃகு, சுரங்கத் துறை மந்திரியானவர். கடைசியாகப் பார்வதி, இவர் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து, கோயம்புத்தூரிலிருந்து பாராளுமன்றத்திற்கு மூன்று முறை சென்ற பார்வதி கிருஷ்ணன். ஒரே கூரையின்கீழ் வளர்ந்தும் கொள்கையால் வெவ்வேறு திசை நோக்கிய இச்சகோதரர்கள் ஒருவரையொருவர் தங்கள் வழிக்கு இழுத்ததுமில்லை, தங்கள் வழியை ஒருவர்க்காக ஒருவர் விட்டதுமில்லை.

இனிப் பரமசிவரின் கல்வியைக் காண்போம். இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் பயின்ற பின், அவர் வுல்லிச் என்னுமிடத்திலிருந்த ராஜாங்க ராணுவக் கல்லூரியிற் சேர்ந்து, 1933-ஆம் வருஷம் பீரங்கிப் படைக்கு அதிகாரியாக நியமனம் பெற்றார். ஜமீன் வீட்டு மூத்த பிள்ளை பட்டாளத்திற் சேர்ந்தார் என்று இதனைக் கடந்து சென்றுவிடலாகாது. அதன் அருமையை உணர வேண்டுமாயின் அக்காலத்து நிலைமையை அறிதல் வேண்டும்.

1857-ஆம் வருஷத்துக் கலகத்திற்குப் பின் ஆங்கிலேயர் ஒரு நிச்சயத்திற்கு வந்தனர். இந்தியன் கையில் துப்பாக்கி இருக்கலாம். பெரும்பீரங்கி இருத்தலாகாது என்பதே அது. மலைப்பிரதேசங்களில் கோவேறு கழுதை மேல் ஏற்றிச் செல்லும் சிறு பீரங்கிகளை இயக்கும் சில அணிகள் நீங்கலாக, பீரங்கிப் படை முழுவதும் வெள்ளையர் வசமே இருந்தது. அதிகாரிகளாகவும் இந்தியரை ஏற்பதில்லை. 1918-க்குப் பிறகே வருஷத்திற்குப் பத்து இந்திய இளைஞர்களை இங்கிலாந்திலுள்ள ஸாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியிற் சேர்க்க இசைந்தனர். பீரங்கிப் படையின் கதவு இன்னும் தாமதித்தே திறந்தது. இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட முதல் பீரங்கி ரெஜிமெண்ட் பெங்களூரில் அமைக்கப்பட்டது 1935-ஆம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி. எழுபத்தெட்டு வருஷகாலம் பூட்டியிருந்த கதவு அது. அது திறந்தபோது உள்ளே நுழைந்த முதற் சில இந்திய அதிகாரிகளுள் நம் குமாரமங்கலத்தார் ஒருவர். பீரங்கி வேலைக்குக் கணிதமும் நிதானமும் வேண்டும். தூரம், காற்று, உயரம் இவற்றைக் கணித்துக் கண்ணுக்குத் தெரியாத இலக்கின்மீது குண்டைச் செலுத்தவேண்டும். இந்தியர்க்கு அந்நிதானம் இல்லை என்று சொல்லி வந்தவர்களுக்கு இவரைப் போன்றவர்களின் வேலையே விடையாயிற்று.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. அவ்வீட்டில் நிகழ்ந்ததை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1941-ஆம் வருஷம் தம்பி மோகன், பிரிட்டிஷ் ராஜாங்கத்திற்கு விரோதமாகச் சதி செய்ததாகச் சென்னைச் சதி வழக்கிற் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை சென்றார். அடுத்த வருஷம் அண்ணன் பரமசிவர், அதே பிரிட்டிஷ் கொடியின்கீழ் ஆப்பிரிக்காவின் லிபியப் பாலைவனத்தில் பீரங்கிகளோடு நின்றார். பெற்றோர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நம் வீடுகளிற் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் ஊகித்தறிவார்கள். இதிலே தேசபக்தர் யார், தேசத்துரோகி யார் என்று அளந்து பார்க்கச் சிலர் முந்துவார்கள். நாம் அதற்கு உடன்படோம். ஒருவர் அந்நிய ஆட்சியை எதிர்த்தார். மற்றவர் அவ்வாட்சி பூட்டி வைத்திருந்த தொழிலை இந்தியன் கைக்குக் கற்றுக்கொண்டு வந்தார். சுதந்திர இந்தியாவிற்கு இரண்டும் வேண்டியிருந்தன.

பாலைவனத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வோம். பீர் ஹக்கீம் என்பது நீரற்ற பாலையில் ஒரு பழங்கிணற்றுத் தலம். அதற்குத் தென்கிழக்கே 171 என்று வரைபடத்தில் எண்ணிட்ட ஒரு மேட்டில் மூன்றாம் இந்திய மோட்டார் பிரிகேட் நிறுத்தப்பட்டிருந்தது. அதற்குத் துணையாயிருந்தது இரண்டாம் இந்தியப் பீரங்கி ரெஜிமெண்ட். அதில் ஓர் அணிக்குத் தலைவர் மேஜர் குமாரமங்கலம். 1942-ஆம் வருஷம் மே மாதம் 27-ந் தேதி காலை, ஜெர்மானியத் தளபதி ரொம்மலின் பெருந்தாக்குதல் தொடங்கியபோது, இத்தாலியரின் டாங்கிப் படை அம்மேட்டின்மீது பாய்ந்தது. இந்தியரிடம் டாங்கிகள் இல்லை. அவர்களிடமிருந்த பீரங்கியோ இருபத்தைந்து ராத்தல் எடையுள்ள குண்டை ஏழு மைலுக்கு அப்பால் எறிவதற்காகச் செய்யப்பட்டது. எதிரே ஓடிவரும் இரும்புவண்டியை நேருக்குநேர் கண்ணாற் குறிபார்த்து அடிப்பது அதற்கு இயல்பான வேலையன்று. அடிக்க வேண்டுமாயின் வண்டி அருகே வரும்வரையில் காத்திருக்கும் நெஞ்சுரம் வேண்டும். அப்படியே காத்திருந்து அடித்தார்கள். டாங்கிகள் பல எரிந்தன. ஆயினும் எண்ணிக்கையில் மிகுந்த எதிரி அன்று அம்மேட்டை மூடிவிட்டான். அன்றைப் போரில் காட்டிய தீரத்திற்காகக் குமாரமங்கலத்தாருக்கு டி.எஸ்.ஓ. என்னும் உயர்ந்த யுத்த விருது வழங்கப்பட்டது.

அவ்வருஷமே அவர் பகைவர் கையிற் சிக்கிப் போர்க்கைதியானார். தம்பி வெள்ளையன் சிறையைக் கண்டார். அண்ணன் வெள்ளையனுடைய பகைவன் சிறையைக் கண்டார். இத்தாலியில் இந்திய அதிகாரிகளை அடைத்துவைத்த முகாமில் பல இனத்தார், பல மதத்தார் கூடியிருந்தனர். அவர்களில் இருவரின் பெயரை இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவர் யாஹ்யா கான். மற்றவர் யாகூப் கான். அப்போது பாகிஸ்தான் என்றொரு தேசம் இல்லை. எல்லாரும் ஒரே சேனையின் அதிகாரிகள். ஒரே கஞ்சியை உண்டு, ஒரே கம்பிவேலியைப் பார்த்துக்கொண்டு, ஒரே விடுதலையை எண்ணிக் காலம் கழித்தனர். குமாரமங்கலத்தார் முகாமிலிருந்து தப்பி ஓடினார். ஓடும் வழியில் இடறி விழுந்து கணுக்கால் முறிந்து, மீண்டும் பிடிபட்டார். இம்முறை இத்தாலியில் வையாமல் ஜெர்மனிக்கே கொண்டுபோய் அடைத்தனர். யுத்தம் முடிந்தபின்னரே அவருக்கு விடுதலை வாய்த்தது.

1947 ஆகஸ்டில் தேசம் இரண்டாயிற்று. நிலமும் பொக்கிஷமும் பங்கிடப்பட்டது போலவே சேனையும் பங்கிடப்பட்டது. ரெஜிமெண்டுகளைப் பிரித்தார்கள், ஒரு சோற்றுப்பந்தியில் உண்ட அதிகாரிகள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு வெவ்வேறு ரயில்களில் ஏறினார்கள். யாஹ்யாவும் யாகூபும் அப்பக்கம் சென்றனர். குமாரமங்கலத்தார் இப்பக்கம் நின்றார். ஆங்கில அதிகாரிகள் கூட்டங்கூட்டமாகத் தாயகம் திரும்பிய அந்நாளில், பெரும்பொறுப்புகளை ஏற்கப் பயிற்சி பெற்ற இந்தியர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. பீரங்கித் தொழிலிலோ அத்தொகை இன்னும் குறைவு. முப்பத்துநான்கு வயதிலேயே பெரும்பாரம் இவர் தோளில் வந்து விழுந்தது. அதைச் சுமந்து படிப்படியாக உயர்ந்தார்.

1962-ஆம் வருஷத்துச் சீன யுத்தம் நம் சேனைக்கு நேர்ந்த பெருந்துயரம். தோற்ற சேனையை மீண்டும் நிமிர்த்துவது, வென்ற சேனையை நடத்துவதைக் காட்டிலும் கடினம் என்பதைப் பட்டாளத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். அடுத்த வருஷமாகிய 1963-இல், சீனரை எதிர்நோக்கி நிற்கும் கிழக்குப் பகுதிச் சேனைக்குக் குமாரமங்கலத்தார் தலைவராக அனுப்பப்பட்டார். 1965-இல் பாகிஸ்தானோடு யுத்தம் மூண்டபோது டில்லியில் தலைமைத் தளபதி சௌதுரிக்கு அடுத்த நிலையில் உபதலைவராய் இருந்தார். 1966-ஆம் வருஷம் ஜூன் மாதம் தரைப்படைத் தலைமைப் பதவி அவரை வந்தடைந்தது. சுதந்திர இந்தியாவில் அப்பதவி வகித்த இந்தியருள் இவர் ஏழாமவர். தமிழ்நாட்டினின்றும் அதற்கு வந்தவருள் முதல்வர். இங்கிலாந்திற் பயிற்சி பெற்று வந்த தலைமுறையினரில் அப்பீடத்தில் அமர்ந்த கடைசி மனிதரும் இவரே. இவருக்குப் பின் வந்த மானெக்‌ஷா, டேராடூனில் 1932-இல் தொடங்கிய நம் நாட்டுக் கல்லூரியின் முதல் அணி மாணவர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கூறாமல் விடமுடியவில்லை. இவரது தங்கையார் பொதுவுடைமைக் கட்சியின் பேர்பெற்ற தலைவர் என்பதும், தம்பியார் அக்கொள்கைக்காகச் சிறை சென்றவர் என்பதும் நாடறிந்த சங்கதி. பொதுவுடைமை நாடாகிய சீனத்தோடு யுத்தம் நடந்த அடுத்த வருஷமே அச்சீனத்து எல்லையைக் காக்கும் சேனையையும், மூன்று வருஷங்களுக்குப் பின் தேசத்துச் சேனை முழுவதையும் அவரை நம்பி ஒப்படைத்தது இந்திய அரசாங்கம். உடன்பிறந்தாரின் கொள்கைக்காக ஒரு மனிதனைச் சந்தேகிக்காதது அரசாங்கத்திற்குப் பெருமை. அந்நம்பிக்கைக்கு ஒரு நாளும் ஊறு நேராமல் நடந்துகொண்டது அவருக்குப் பெருமை.

அவர் தலைமையிலிருந்த மூன்று வருஷங்களிற் பெரும் யுத்தம் ஏதும் நிகழவில்லை. ஆகையால் சரித்திர நூல்களில் அவர் பெயர் ஒரு வரியிலேயே முடிந்துபோகிறது. எனினும் 1967-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் சிக்கிம் எல்லையிலுள்ள நாதுலா கணவாயில் நடந்ததை நினைவூட்ட வேண்டும். எல்லையில் நம்மவர் கம்பிவேலி இடும்போது சீனர் திடீரென்று சுட்டனர். நம் வீரர் பலர் மாண்டனர். அதன்மேல் உயரமான இடங்களிலிருந்த நம் பீரங்கிகள் பேசின. நாலு நாட்களில் சீனர் அடங்கினர். அடுத்த மாதம் முதல் தேதி சோலா கணவாயிலும் அவர்கள் முயன்று பின்வாங்கினர். களத்தில் நின்று நடத்தியவர்கள் வேறு தளபதிகள். அப்புகழ் அவர்களுக்கும் அங்கே உயிர்நீத்த சிப்பாய்களுக்குமே உரியது. ஆனால் ஐந்து வருஷங்களுக்கு முன் அதே பகைவன் முன் நிலைகுலைந்த சேனை, இம்முறை நிலைகுலையாது நின்றது என்பதிலே, இடைக்காலத்தில் அதனை நிமிர்த்திய கைகளுக்கும் பங்குண்டு. அக்கைகளில் ஒன்று குமாரமங்கலத்தைச் சார்ந்தது.

இனி இக்கட்டுரையின் கருத்திற்கு வருகின்றோம். 1966-ஆம் வருஷம் ஜூன் மாதம் குமாரமங்கலத்தார் இந்தியச் சேனைக்குத் தலைவரானார் என்றோம். அதே வருஷம் செப்டம்பர் மாதம் பாகிஸ்தான் சேனைக்குத் தலைவரானவர் யார்? இத்தாலிய முகாமில் அவரோடு கைதியாயிருந்த யாஹ்யா கானே. ஒரே கம்பிவேலிக்குள் இருந்த இருவர், இருபது வருஷங்களுக்குப் பின் எதிரெதிரான இரண்டு சேனைகளுக்கு ஒரே காலத்தில் தலைவர்களாய் இருந்தனர். கற்பனைக் கதையிலும் இத்தகைய பொருத்தத்தை ஆசிரியர் அமைக்கத் துணியார்.

அவ்விருவரும் எவ்வாறு பதவியை விட்டனர் என்பதைப் பாருங்கள். 1969-ஆம் வருஷம் மார்ச் மாதம் 25-ந் தேதி யாஹ்யா கான் ராணுவச் சட்டத்தை அமல் செய்து, தம் தேசத்து ஆட்சியையே கைக்கொண்டார். சேனாதிபதி பதவி அவருக்குப் போதவில்லை. அந்த வருஷமே ஜூன் மாதம் குமாரமங்கலத்தாரின் மூன்று வருஷத் தவணை முடிந்தது. பல லட்சம் வீரர் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தனர். தில்லியில் அரசியற் குழப்பங்களுக்கும் அப்போது குறைவில்லை. ஆளுங்கட்சி பிளவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. ஐம்பத்தாறு வயதும் நிறையாத, திடகாத்திரமான மனிதர் அவர். அவர் செய்தது யாது? தமக்கு அடுத்தவராகிய மானெக்‌ஷாவிடம் பொறுப்பை ஒப்புவித்து, மரியாதை அணிவகுப்பை ஏற்றுக்கொண்டு, வீட்டிற்குப் போனார். அவ்வளவுதான். மறுநாள் அதைப் பற்றித் தேசத்தில் எவரும் பேசவில்லை. பேசவேண்டிய அவசியம் நேராததே அச்செய்தியின் உயர்வு.

இருவரும் ஆங்கிலேயரிடமே யுத்தக்கலையைக் கற்றவர்கள். இருவரும் ஒரே அரசருக்குப் பிரமாணம் செய்தவர்கள். இருவரும் தைரியசாலிகள்; யாஹ்யாவும் அம்முகாமிலிருந்து தப்பியவரே. வேற்றுமை குணத்தில் மட்டும் இல்லை. அவரவர் தேசம் அமைத்துக்கொண்ட ஏற்பாட்டிலும் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. நம் நாட்டில் மந்திரி சபையின் ஆணைக்குக் கீழ்ப்பட்டே சேனை இயங்கும் என்ற வழக்கம் 1947 முதல் ஊன்றியிருந்தது. ஆனால் வழக்கம் என்பது தானாக நிற்பதன்று. ஒவ்வொரு தலைவரும் தம் தவணையில் அதனைக் காத்துக் கொடுத்தாலன்றி அடுத்தவர்க்கு அது மிஞ்சாது. யாஹ்யாவின் ஆட்சியிலே 1971-ஆம் வருஷம் கிழக்கு வங்காளத்தில் இரத்தம் பெருகியது. அம்முகாமின் மூன்றாமவராகிய யாகூப் கான், சொந்த ஜனங்களின் மேல் சேனையை ஏவ இசையாமல் தம் பதவியைத் துறந்தார் என்பதும் சரித்திரம். அவ்வருஷக் கடைசியில் பாகிஸ்தான் தோற்று இரண்டாயிற்று. யாஹ்யா ஆட்சியிழந்து வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். ஒரே கஞ்சியை உண்ட மூவர், பதவி என்னும் சோதனையில் மூன்று விதமாக நடந்தனர். ஒருவர் எல்லைகடந்து பற்றினார். ஒருவர் மனச்சாட்சிக்காக விட்டார். ஒருவர் முறைப்படி பெற்று முறைப்படி கொடுத்தார். மூன்றாவது செயலில் நாடகச் சுவை இல்லை. ஆனால் தேசம் நிலைத்திருப்பது அதனாலேயே.

1970-இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் விருதளித்துக் கௌரவித்தது. ஓய்வு பெற்றபின் முப்பது வருஷத்திற்கு மேல் வாழ்ந்தார். அவ்வோய்வுக் காலத்திலே 1973-ஆம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி, மந்திரியாயிருந்த தம்பி மோகன் டில்லிக்கருகே ஆகாய விமான விபத்தில் மாண்டார். பாலைவனப் போரும் பகைவர் சிறையும் கண்டு மீண்ட அண்ணன் பிழைத்திருக்க, அமைதிக்காலத்துப் பிரயாணத்தில் தம்பி மறைந்தது விதியின் கொடுமை. 2000-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், எண்பத்தாறாம் வயதில், ஜெனரல் குமாரமங்கலம் உலக வாழ்வை நீத்தார். அதே வருஷம் ஆகஸ்டில் மோகனுடைய மைந்தர் ரங்கராஜனும், மத்திய மந்திரியாயிருக்கும்போதே நடுவயதில் காலமானார்.

கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுள் ஒரு சிறுமி எம்மை நோக்கி, “அவர் நம்மவரா, தாத்தா?” என்று கேட்டாள். கட்டுரையின் இறுதிக்கென்று நாம் ஒதுக்கி வைத்த வார்த்தை இதுவே. நம் சங்கத்து ஏட்டில் இவரைப் பற்றி எழுதும்போது, ‘நம்மவர்’ என்று பெருமை கொள்ள ஆசை எழுவது இயற்கை. தந்தை வழியில் அவ்வாசைக்கு ஆதாரமும் உண்டு. ஆனால் மங்களூர் அன்னையின் வயிற்றிற் பிறந்தவரை, இந்து, முஸல்மான், சீக்கியர் என்ற பேதமின்றி ஒரே பீரங்கியின் பின்னே நின்றவரை, ஒரு குலத்தின் சொத்தென்று எழுதிவைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. நம் வீட்டுப் பிள்ளைகள் வேறு குலத்திற் பெண் எடுத்தாலோ கொடுத்தாலோ முகஞ்சுளிக்கும் நாம், அவ்வாறு மணந்த தம்பதிகளின் புதல்வரை மட்டும் புகழ் வந்தபின் நம்மவர் என்று அழைப்பது எவ்வகை நியாயம்? அவரை நம்மவர் என்று சொல்ல விரும்பினால், முதலில் அவர் பெற்றோரின் துணிவையும் நம்முடையதென்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அச்சிறுமிக்கு, “நாம் அவரைப் போல நடந்தால் அவர் நம்மவர்” என்று விடை சொன்னோம்.

மற்றொன்று. பெரியவர்கள் தேர்தலைப் பற்றி உரத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று தொடக்கத்திற் குறிப்பிட்டோம். சங்கத்துத் தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் என்னும் பதவிகள் சிறியனவே. ஆனால் தவணை முடிந்தபின்னும் அவற்றை விட மனமின்றி, கணக்குப் புஸ்தகத்தையும் பெட்டிச் சாவியையும் மடியில் கட்டிக்கொண்டு திரிவோர் நம்மிடையே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? எம்மையும் சேர்த்தே சொல்கின்றோம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு ஒரு பொறுப்பை ஒரு வருஷம் அதிகமாகப் பிடித்து வைத்திருந்து, பிறகு வெட்கினோம். பெருஞ்சேனையின் தலைமையைத் தவணை முடிந்தவுடன் கொடுத்துவிட்டு வீடு திரும்பியவரின் ஜில்லாவில், ஒரு பெட்டிச் சாவிக்காக இரண்டு கட்சியாய்ப் பிரிவது நமக்கு அழகன்று.

சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகத் திருச்செங்கோட்டிற்குச் செல்லும் அன்பர்கள், அர்த்தநாரீசுவரர் மலையைத் தொழுதபின், சிறிது தூரம் சென்று குமாரமங்கலத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுக. இவ்வூர்ப் பெயரைத் தாங்கிய ஒருவர் தேசத்துச் சேனையையெல்லாம் நடத்தினார் என்றும், நடத்தியது மட்டுமன்றி, வேளை வந்தபோது அதனை ஒழுங்காகப் பிறர் கையில் ஒப்படைத்தார் என்றும் சொல்லுக. இதைக் கேட்டு வளரும் பிள்ளைகளில் ஒருவராவது சேனையிற் சேர்ந்து தேசத்தைக் காப்பாரானால் மிக நன்று. சேராவிடினும், தமக்கு வாய்க்கும் எப்பதவியையும் அடைக்கலப் பொருளென்று கருதி, வாங்கியது போலவே திருப்பிக் கொடுக்கக் கற்பாரானால் அதுவும் நன்றே. அத்தகைய பிள்ளைகளை நம் குடும்பங்களுக்கு இறைவன் அருள்வானாக.